கராஜுக்குப் பின்னால் 214 பழைய டயர்: எப்படி இறக்குவது, எங்கே அனுப்புவது?

கராஜ்_மலை | சனி, இரவு 8.40

வணக்கம் எல்லோருக்கும். ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவில், வீதியோரமாக ஒரு பழைய கராஜைக் குத்தகைக்கு எடுத்து நான்கு மாதம் ஆகிறது. முன்பு வைத்திருந்தவர் இருபது வருடமாகக் கழற்றிய டயரையெல்லாம் பின்பக்கச் சரிவில் வீசிவிட்டுப் போயிருக்கிறார். மானாப்புல் மூடியிருந்ததால் எடுக்கும்போது எனக்குத் தெரியவில்லை. புல்லை வெட்டிய பிறகுதான் பார்த்தேன், ஒரு மலையே கிடக்கிறது.

போன வாரம் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தார். ஒரு டயரைச் சாய்த்து, டோர்ச் அடித்துக் காட்டினார். உள்ளே கொசுப் புழு நெளிகிறது. இரண்டு வாரத் தவணை கொடுத்திருக்கிறார். பிரதேச சபையின் குப்பை டிராக்டரில் டயர் ஏற்றமாட்டார்களாம். பழைய இரும்புக்காரர் ரிம் இருந்தால் மட்டும் கூப்பிடு என்கிறார்.

நானும் பையனும் எண்ணிப் பார்த்தோம். பஸ், பெரிய லொறி டயர் (10.00-20) 18. சின்ன லொறி 7.50-16 டயர் 26. கார், வேன் 70. த்ரீவீலர் 80. மோட்டார் சைக்கிள் 20. அதில் நாலைந்து பெரிய டயர் இன்னும் ரிம்மோடு துருப்பிடித்துக் கிடக்கிறது.

சரிவுக்குக் கீழே ஓடை. ஓடைக்கு அந்தப்பக்கம் லயம் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்), அவர்கள் தண்ணீர் பிடிக்கும் பீலி. எப்படி இறக்குவது, எங்கே அனுப்புவது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

சும்மா_ஒருத்தன் | சனி, இரவு 8.52

மழை இல்லாத ராத்திரி பார்த்து ஒரு லீட்டர் மண்ணெண்ணெய். காலையில் கம்பி மட்டும் மிஞ்சும், அதை இரும்புக்கு விற்றுவிடலாம். இதற்கெல்லாம் ஒரு இழையா?

---

கொழுந்துமணம் | சனி, இரவு 9.15

தம்பி, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். நான் தேயிலை இஸ்டோரில் (தொழிற்சாலையில்) 22 வருடம் வேலை செய்தவன். கொழுந்து வாட்டும் மாடியில் ராத்திரி முழுக்க விசிறி ஓடும். வெளியில் இருக்கும் காற்றை இழுத்துத்தான் கொழுந்தை வாட்டுகிறோம். தேயிலை எந்த வாசனையையும் குடித்துவிடும். பக்கத்தில் பெயின்ட் அடித்தாலே பயப்படுவோம். ஒருமுறை மேல் ரோட்டில் யாரோ டயர் கொளுத்தியபோது பெரிய டீமேக்கர் ஓடிவந்து விசிறியெல்லாம் நிறுத்தச் சொன்னார். அன்றைக்குக் கொழுந்து வாடாமல் சிவந்து போனது. நஷ்டம் யாருக்கு? கடைசியில் பேர் நாட்களை (சம்பளம் கிடைக்கும் வேலை நாட்களை) குறைத்து நம் ஆட்கள் தலையில்தான் விடிந்தது.

---

நுளம்புவேட்டை | சனி, இரவு 9.47

// காலையில் கம்பி மட்டும் மிஞ்சும் //

கம்பி மட்டும் மிஞ்சாது. டயர் எரியும்போது அரைகுறையாக உருகி எண்ணெயாக வழியும். சரிவில் எரித்தால் அந்த எண்ணெய் எங்கே போகும்? கீழே இருக்கும் பீலிக்குத்தான். புகையில் கந்தக வாயு, பென்சீன் எல்லாம் இருக்கும். தண்ணீர் ஊற்றி எளிதில் அணைக்கவும் முடியாது. மேலே அணைந்த மாதிரி இருக்கும், உள்ளே கனன்றுகொண்டே இருக்கும்.

நான் சுகாதாரப் பிரிவில் களப்பணியாளர். எங்கள் தாள்களில் "நுளம்பு" என்று எழுதுவோம், லயத்துக்குள் போனால் "கொசு" என்றால்தான் புரியும், அது வேறு கதை. கராஜ்_மலை அண்ணே, உங்களிடம் பி.எச்.ஐ. வந்தது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ். டயரைப் போட்டது நீங்கள் இல்லை என்றாலும் இன்று இடத்தை வைத்திருப்பவர் நீங்கள்தான். அதனால் வாக்குவாதம் வேண்டாம். வேலை தொடங்கிவிட்டது என்று தெரிந்தால் பெரும்பாலும் கூடுதல் தவணை கிடைக்கும்.

முதல் நாளே செய்யவேண்டியது தண்ணீரைக் கொட்டுவது. ஆனால் கொட்டினால் மட்டும் போதாது. டெங்கு நுளம்பு தண்ணீரில் முட்டை இடுவதில்லை, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டயரின் ஈரமான உட்சுவரில் ஒட்டிவிட்டுப் போகும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும். அடுத்த மழைக்குத் தண்ணீர் ஏறியதும் பொரிக்கும். ஆகவே தும்புக்கட்டையால் உள்ளே சுற்றித் தேய்த்து, கூரைக்கு அடியிலோ தார்பாலின் போட்டோ வையுங்கள். பழைய என்ஜின் ஒயில் ஊற்றாதீர்கள். புழு சாகும், ஆனால் அதே எண்ணெய் பீலிக்குப் போகும்.

---

லயத்துப்பையன் | சனி, இரவு 10.20

ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் நல்ல குளிர், டெங்கு வராது என்று எல்லாரும் சொல்கிறார்களே?

எங்கள் லயத்தில் ஒவ்வொரு தகரக் கூரையிலும் மூன்று நான்கு டயர் இருக்கிறது. காற்றுக் காலத்தில் தகரம் பறக்காமல் இருக்க. கல் வைத்தால் தகரம் பொத்துப்போகும், அதனால் டயர்.

---

நுளம்புவேட்டை | ஞாயிறு, காலை 6.30

நல்ல கேள்வி தம்பி. குளிரில் புழு வளர்வதற்கு நாள் கூட எடுக்கும். வெப்பமான ஊரில் முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். நுவரெலியா 1868 மீட்டர் உயரம், அங்கே அவ்வளவு வேகம் இருக்காது. ஆனால் மலையகம் முழுவதும் நுவரெலியா இல்லையே. கண்டி, மாத்தளை, பதுளை, கினிகத்தேனை எல்லாம் கீழே இருக்கின்றன.

அதைவிடப் பெரிய விஷயம், டயர் பயணம் போகும் பொருள். 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பக்கம் அதுவரை இல்லாத ஆசியப் புலி நுளம்பு திடீரென்று குடியேறியிருந்தது. ஆசியாவிலிருந்து கப்பலில் வந்த பழைய டயர்களோடுதான் அது போயிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். காய்ந்த முட்டை கடல் கடந்திருக்கிறது. கண்டியில் வாங்கிய பழைய டயர் உங்கள் லயக் கூரைக்கு வர எவ்வளவு நேரம்?

கூரை டயரை எடு என்று நான் சொல்லமாட்டேன். போன மே மாதம் காற்றில் தகரம் பறந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன், அந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். டயரின் இரண்டு பக்கச் சுவரையும் வெட்டி எடுத்துவிட்டால் நடுப்பட்டை மட்டும் வளையமாக நிற்கும், அதில் தண்ணீர் தங்காது. ஆனால் பாரம் குறைந்துவிடும். நிரந்தரமான வேலை என்றால் கொக்கி ஆணி போட்டுத் தகரத்தைக் கைமரத்தோடு இறுக்குவதுதான். ஓட்டை போட்டு வைக்கிறேன் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். படுத்திருக்கும் டயரில் கீழ்ச் சுவர் முழுவதும் ஒரு வாய்க்கால் மாதிரி. ஒரு ஓட்டை போட்டால் சரிவுப் பக்கம் மட்டும் வடியும். சுற்றிவர ஐந்தாறு ஓட்டை, பெருவிரல் அளவுக்கு, வேண்டும்.

---

ரப்பர்கை | ஞாயிறு, காலை 9.05

கம்பளைப் பக்கம் டயர் வேலை. எல்லாவற்றையும் குப்பை என்று நினைக்காமல் முதலில் பிரியுங்கள். 10.00-20, 7.50-16 இரண்டிலும் ரீபில்ட் (தேய்ந்த மேல்பட்டைக்குப் புதுசு ஒட்டுவது) போடக்கூடிய டயர் இருந்தால் அதற்கு விலை உண்டு. 2022 பொருளாதார நெருக்கடியில் புது டயர் வாங்க வழியில்லாமல் எல்லாரும் ரீபில்ட்டுக்கு ஓடியபோது நல்ல உடம்பு உள்ள பழைய டயருக்கு அடிபிடி நடந்தது. இப்போது அவ்வளவு இல்லை, ஆனாலும் எடுப்பார்கள்.

எப்படிப் பார்ப்பது? பூ, அதாவது வீதியில் படும் மேல்பட்டை, தேய்ந்திருப்பது பிரச்சினை இல்லை, பூவைத்தான் புதிதாக ஒட்டப்போகிறோம். பக்கச் சுவரில் வெட்டு, நூல் தெரிவது, உப்பல், விளிம்புக் கம்பி வெளியே நீட்டுவது, இதில் ஒன்று இருந்தாலும் போச்சு. உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். உட்சுவர் சுருக்கம் விழுந்து பொடிப்பொடியாக வந்தால் காற்று இல்லாமல் ஓட்டிய டயர், அதுவும் உதவாது. பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 1416 என்றால் 2016ஆம் ஆண்டின் 14ஆம் வாரம் செய்தது. வெயிலும் மழையும் பட்டுப் பத்து வருடம் கிடந்ததைக் கொண்டுபோனால் திருப்பி அனுப்புவார்கள். உண்மையைச் சொன்னால், உங்கள் 44 பெரிய டயரில் பத்துத் தேறினால் அதிர்ஷ்டம்.

அப்புறம் அந்த ரிம்மோடு கிடப்பவை. அண்ணே, அதில் டயரைப் பிடித்து வைக்கத் தனி இரும்பு வளையம் போட்ட ரிம் இருக்கிறதா?

---

கராஜ்_மலை | ஞாயிறு, காலை 9.31

மூன்று இருக்கிறது. வளையம் துருவோடு ஒட்டிப்போய்விட்டது. காற்று இல்லை என்றுதான் நினைக்கிறேன். சம்மட்டியால் அடித்துப் பார்க்கலாம் என்று இருந்தேன்.

---

ரப்பர்கை | ஞாயிறு, காலை 9.38

நினைக்கக்கூடாது! அடிக்காதீர்கள்! வால்வின் உள் ஊசியைக் கழற்றி, பிறகு மெல்லிய கம்பியை வால்வுக்குள் விட்டுப் பாருங்கள். துருவும் மண்ணும் அடைத்திருந்தால் ஊசியைக் கழற்றிய பிறகும் உள்ளே காற்று நிற்கும். அந்த வளையம் தெறித்தால் ஆளைக் கொல்லும், நான் ஒரு கூரை பொத்ததைப் பார்த்திருக்கிறேன். நல்லவேளை அன்றைக்கு ஆள் டீ குடிக்கப் போயிருந்தார்.

காற்று முற்றாக இறங்கியது உறுதியானால், விளிம்பைச் சுற்றி சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, ஒருநாள் ஊறவிட்டு, லிவர் இரண்டைப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிவந்து இறக்குங்கள். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங், காஸ் எதுவும் வைக்கவேண்டாம். உள்ளே ரப்பர் சூடாகி வாயு சேர்ந்து வெடிக்கும்.

---

பஸ்ஸோட்டி | ஞாயிறு, மாலை 5.12

நான் 31 வருடம் இந்த ஏ7 வீதியில் ஓடியவன், பாதி பஸ், பாதி லொறி. ஏற்றி இறக்குவதைப் பற்றி நான் சொல்கிறேன்.

முதலில், சரிவிலிருந்து டயரை மேலே கொண்டுவரும்போது உருட்டாதீர்கள். பையன்களுக்கு விளையாட்டாக இருக்கும். 10.00-20 டயர் ஒன்று ஐம்பது கிலோ வரும், உள்ளே மண்ணும் தண்ணியும் இருந்தால் இன்னும் கூட. கைநழுவினால் அது நிற்காது. எங்கள் டிப்போ காலத்தில் ஒன்று தேயிலை மலை வழியாக ஓடி, குதித்துக் குதித்துப் போய், கீழே ஒரு அம்மாவின் குசினிக் கூரையில் இறங்கியது. அடுப்பில் ரொட்டி இருந்தது. அந்த அம்மா பேசிய பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. கயிறு கட்டி, மேலே ஒருவர் மரத்தில் சுற்றிப் பிடித்து இழுக்கவேண்டும். கீழே ஒருவரும் நிற்கக்கூடாது. கையுறை போடுங்கள். டயருக்குள் அட்டையும் பூரானும் சும்மா இருக்காது, பாம்பும் இருக்கும்.

இரண்டாவது, லொறி. டயருக்கு நிறை பெரிதில்லை, இடம்தான் பெரிது. உங்கள் கணக்கைக் கூட்டினால் எல்லாம் சேர்த்து இரண்டரை டன் அளவுதான். ஆனால் சும்மா அள்ளிப்போட்டால் ஒரு கெண்டர் லொறி பாதியிலேயே நிரம்பிவிடும். அடுக்கும் விதம் இருக்கிறது. பெரிய டயருக்குள் வேன் டயர், அதற்குள் த்ரீவீலர் டயர், இப்படிப் பிள்ளைகளை மடியில் வைத்த மாதிரி. மிச்சத்தைப் படுக்கப்போடாமல் சாய்த்து, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறியபடி, பனை ஓலை பின்னுவது போல் வரிசை மாற்றி மாற்றி அடுக்கினால் நிறையக் கூடுதலாகப் பிடிக்கும்.

மூன்றாவது, கயிறு. இதில்தான் புதுசுகள் மாட்டிக்கொள்வார்கள். டயர் ஸ்பிரிங் மாதிரி. கட்டும்போது இறுக்கமாக இருக்கும், நாலு வளைவு குலுங்கியதும் அமுங்கிக் கயிறு தளர்ந்துவிடும். கினிகத்தேனை வளைவில் பாரம் சாய்ந்து ஒரு டயர் விழுந்தால் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரன் கதி? மேலே வலை போடுங்கள், ஐந்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி இழுத்துக் கட்டுங்கள். கினிகத்தேனையில் இறங்குவதற்கு முன்பு இன்னொரு தடவை.

---

பூந்தொட்டி_அக்கா | ஞாயிறு, மாலை 6.40

பண்டாரவளையில் இருந்து. எங்கள் பாடசாலைக்கு வேன் டயர் ஒரு இருபது கிடைக்குமா? பெயின்ட் அடித்துப் பூந்தொட்டி வைக்கலாம், பிள்ளைகள் ஏறி விளையாடப் பாதி புதைத்து வரிசையாக நடலாம். யூடியூபில் கிணறு, கதிரை, வாத்து எல்லாம் செய்கிறார்கள்.

---

நுளம்புவேட்டை | ஞாயிறு, மாலை 7.02

அக்கா, கோபிக்கவேண்டாம். பாடசாலைகளில் நாங்கள் புழுப் பிடிக்கும் இடங்களில் அந்த வாத்தும் ஒன்று. வர்ணம் அடித்த டயர் அழகாக இருப்பதால் ஒருவரும் உள்ளே பார்ப்பதில்லை. பூந்தொட்டி என்றால் உட்குழியில் ஒரு இடமும் விடாமல் மண்ணைத் திணித்து நிரப்புங்கள். பாதி புதைப்பவற்றுக்கும் அப்படித்தான். ஹைட்ரேஞ்சியா, பிகோனியா நடுங்கள். கீரை, லீக்ஸ் வேண்டாம், டயரில் துத்தநாகம் உண்டு, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் இறங்கும். இருபது வேண்டாம், நீங்கள் வாரம் ஒருமுறை பார்க்கக்கூடிய அளவு மட்டும் எடுங்கள்.

---

பூந்தொட்டி_அக்கா | ஞாயிறு, மாலை 7.10

சரி, ஆறு போதும். எங்கள் வாத்தை நாளைக்கே போய்ப் பார்க்கிறேன்.

---

சும்மா_ஒருத்தன் | ஞாயிறு, இரவு 8.15

எரிக்கவும் கூடாது, பூந்தொட்டியும் கூடாது. அப்படியென்றால் புதைத்துவிடலாமே. இல்லையென்றால் வீட்டுக்குப் பின்னால் மண் மேட்டுக்கு டயர் மதில் கட்டலாம், எங்கள் மாமா கட்டியிருக்கிறார்.

---

சரிவுக்கணக்கு | ஞாயிறு, இரவு 9.26

சிவில் வேலை செய்பவன். மாமா கட்டியது எவ்வளவு உயரம்?

புதைப்பது பற்றி: டயர் மண்ணுக்குள் அடங்கியிருக்காது. உள்ளே காற்றுத் தங்கி, மழையில் மண் இளக இளக மேலே வரும். குப்பை மேடுகளிலேயே முழு டயரைப் புதைக்க விரும்பாததற்கு அது ஒரு காரணம். அதுவும் உங்களுடையது சரிவு. 214 வெற்றிடத்தை ஒரு சரிவுக்குள் வைத்து மூடினால் மழைத் தண்ணீருக்கு நாமே குழாய் போட்டுக் கொடுத்த மாதிரி.

டயர் மதில் முற்றிலும் தவறு இல்லை. தோட்டத்துப் பாதை ஓரத்துக்கு, இடுப்பு உயரம் வரை, ஒவ்வொரு டயரையும் மண்ணோ கல்லோ போட்டு இடித்து இறுக்கி, ஒவ்வொரு வரிசையும் மேட்டுப்பக்கமாகப் பின்வாங்கி, பின்னால் கல் நிரப்பித் தண்ணீர் வெளியேற வழிவிட்டால் நிற்கும். ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் கட்டிவிட்டு "பாதுகாப்பு" என்று நிம்மதியாகத் தூங்குவதுதான் பயம். 2014 அக்டோபர் 29 காலையில் மீரியபெத்தை மண்சரிவில் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் நான் சொல்லவேண்டியதில்லை. பெரிய மேடு வெட்டியிருந்தால் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மாமாவிடமும் சொல்லுங்கள்.

---

சும்மா_ஒருத்தன் | ஞாயிறு, இரவு 9.40

மாமாவின் மதில் என் உயரத்தைவிடக் கூட. சொல்லிப் பார்க்கிறேன். கேட்கும் ஆள் இல்லை.

---

ரப்பர்கை | திங்கள், காலை 7.20

கடைசியில் எங்கே போகவேண்டும் என்ற கேள்விக்கு வருகிறேன். ரப்பர் மரத்துப் பால் மட்டும் என்றால் மக்கிவிடும். கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பர் திரும்ப உருகிப் பாலாகாது, அதனால்தான் இந்தத் தொல்லை எல்லாம். தேறாத டயருக்கு மூன்று வழி. ஒன்று, அரைத்துத் தூளாக்குவது; கால்மிதி, விளையாட்டுத் தரை விரிப்பு என்று போகும். இரண்டு, காற்றுப் புகாத கொப்பரையில் 400, 500 பாகை சூட்டில் வேகவைத்து எண்ணெய், கரி, கம்பி எனப் பிரிப்பது. மூன்று, சீமெந்துச் சூளை. சூளைக்குள் 1450 பாகை வரை போகிறது, டயரின் சூடு நிலக்கரியை விடக் கூட, உள்ளே இருக்கும் கம்பியின் இரும்பும் சீமெந்தோடு சேர்ந்துவிடும். புத்தளம் சீமெந்து ஆலையில் இப்படித் தொழிற்சாலைக் கழிவுகளைச் சேர்த்து எரிக்கிறார்கள். ஆனால் அது பெரிய நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு நடக்கும் வேலை. ஒரு கெண்டரோடு போய்க் கதவைத் தட்டினால் நடக்காது.

உங்கள் அளவுக்குத் தூள் அரைக்கும் இடம்தான் சரி. பெரும்பாலும் கீழே, மேல் மாகாணப் பக்கம். எண்ணெய் எடுப்பவர்களில் ஒளித்து மறைத்துச் செய்பவர்களும் உண்டு. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் உங்கள் குப்பை இன்னொரு ஊரின் ஓடைக்கு மாறும், அவ்வளவுதான். கொடுத்ததற்கு ரசீதுத் துண்டு வாங்குங்கள், பி.எச்.ஐ.க்குக் காட்டலாம்.

---

கராஜ்_மலை | திங்கள், இரவு 9.00

எல்லோருக்கும் பெரிய நன்றி. ஒரு இடம் போனில் பேசிவிட்டேன், எடுப்பார்களாம், ஆனால் நாங்களே கொண்டுபோய் இறக்கவேண்டும். லொறிக் கூலி கேட்டுத் தலை சுற்றுகிறது. ரீபில்ட்டுக்கு விற்றாலும் கட்டாது.

---

பஸ்ஸோட்டி | திங்கள், இரவு 9.22

தம்பி, தனி லொறி எதற்கு? மலைக்கு வரும் லொறியைப் பாருங்கள். மரக்கறி லொறி கீழே போகும்போது நிறைந்து போகும், அதைக் கேட்காதே. ஆனால் சீமெந்து, அரிசி, மா ஏற்றி வருபவன் ஹட்டனில் இறக்கிவிட்டு வெறும் லொறியாகத்தான் இறங்குவான். டீசல் காசு ஏற்கனவே சரக்குக்காரன் கொடுத்தாச்சு. அவனுக்கு வழியில் இறக்க ஒரு சுமை கிடைத்தால் பாதிக் கூலிக்கும் குறைவாகச் சம்மதிப்பான். ஹாட்வெயார் கடைகளில் கேளுங்கள், எந்தக் கிழமை சுமை வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும். அரிசி லொறி வேண்டாம், டயர் நாற்றம் தட்டில் தங்கும். சீமெந்து லொறியே சரி. தட்டில் நனைந்த டயரை வைத்தால் மிச்சம் இருக்கும் தூள் இறுகி ஒட்டிக்கொள்ளும், காயவைத்து ஏற்றுங்கள்.

---

கராஜ்_மலை | மூன்று வாரத்துக்குப் பிறகு, வியாழன், இரவு 7.45

முடிந்தது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இன்னொருவருக்கு உதவும்.

தண்ணீர் கொட்டித் தேய்ப்பதற்கே மூன்று நாள் ஆனது. லயத்திலிருந்து நாலு பேர் சம்பளத்துக்கு வந்தார்கள், பீலி அவர்களுடையது என்பதால் ஒருவர் காசே வாங்கவில்லை. பூரான் இரண்டு, பாம்பு ஒன்று, அட்டைக்குக் கணக்கில்லை. வளையம் போட்ட ரிம் ஒன்றில் ரப்பர்கை சொன்னபடியே கம்பியை விட்டதும் புஸ் என்று சத்தம். இருபது வருடக் காற்று. என் கை அரைமணி நேரம் நடுங்கியது.

ரீபில்ட்டுக்குத் தேறியது ஏழுதான். பத்துகூட இல்லை அண்ணே. பண்டாரவளை அக்காவுக்கு ஆறு. மிச்சம் 201. சீமெந்து லொறி ஒன்று கிடைத்தது, பஸ்ஸோட்டி ஐயா சொன்ன மாதிரி பின்னி அடுக்கியதில் 163 ஏறியது. 38 த்ரீவீலர் டயர் இன்னும் கூரைக்கு அடியில் இருக்கிறது. டிரைவர் முதலில் முகத்தைச் சுளித்தார், கினிகத்தேனையில் கயிறு தளர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவரே போன் எடுத்து "நீங்கள் சொன்னது சரிதான்" என்றார்.

துண்டை பி.எச்.ஐ.யிடம் காட்டினேன். படம் எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கராஜுக்கும் இதைச் சொல்லுங்கள் என்றார். அந்தப் பக்கத்துக் கராஜ்காரர் என்னோடு பேசுவதில்லை, அது வேறு விஷயம்.

---

லயத்துப்பையன் | வியாழன், இரவு 8.10

அண்ணே, எங்கள் லயத்தில் ஐந்து கூரைக்குக் கொக்கி ஆணி அடித்துவிட்டோம். 17 டயர் இறக்கி வைத்திருக்கிறோம், காய்ந்துதான் இருக்கிறது. உங்கள் 38 போகும்போது சேர்த்துக்கொள்ள முடியுமா?

---

கராஜ்_மலை | வியாழன், இரவு 8.14

அடுத்த புதன் லொறி வருகிறது. செவ்வாய் பின்னேரம் ரோட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். உருட்டாமல்.